மட்டமான குடைகள்

சாங்ஹுவா
22 பிப்ரவரி 1976

தங்கை பீஷியாவுக்கு அண்ணன் தியென்ஷெங் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். புத்தாண்டுக்கு வந்தபோது உனக்கிருந்த இருமல் நின்றதா? தைப்பே மழையில் நனையாதே. குடை செய்கிறவன் தங்கை நனைந்து திரிகிறாள் என்று ஊர் சிரிக்கும்.

ஒரு சங்கதி. நான் இங்கிலீஷ் படிக்கிறேன். காலையில் வானொலிப் பாடம், மற்ற நேரத்தில் ஜப்பானியர் ஆண்ட காலத்துப் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அகராதி. நாற்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று உன் அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறாள். "வாயில கூழாங்கல்லப் போட்டுக்கிட்டு பேசுற மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுக் கொழந்த பயந்து அழுவுது, மெதுவா படிங்க" என்கிறாள்.

கூத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆறு வருடமாகத் தரகர் ஹுவாங் என் குடைகளை வாங்கிப் போகிறார். அட்டைப்பெட்டியில் என் பட்டறையின் பெயர் இருக்கக் கூடாது. பெட்டி எந்தத் தேசம் போகிறது என்று நான் கேட்கக் கூடாது. இந்தத் தொழிலின் வழக்கம் அது. வாங்குகிறவனும் செய்கிறவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டால் நடுவில் இருப்பவர்களுக்கு என்ன வேலை? இந்த வருடம் ஹுவாங் பாதிதான் எடுக்கிறார். செப்டம்பரில் வரும் நிலா விழா வரை பார்ப்பேன். அதற்குள் வெளிநாட்டிலிருந்து நேராக ஒரு ஆர்டர் வரவில்லை என்றால் தையல் இயந்திரங்களை விற்றுவிட்டு உன் அண்ணியின் தம்பி நடத்தும் பெயிண்ட் கடையில் வேலைக்கு நிற்க வேண்டியதுதான். பட்டறையில் ஒன்பது பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

நீ ஏற்றுமதிக் கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவள். ஒரு சொல்லை மட்டும் விளக்கு. வியாபாரக் கடிதப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'காம்பெட்டிட்டிவ்' என்று வருகிறது. அகராதி 'போட்டியிடும் குணமுள்ள' என்கிறது. விலைக்கு ஏது குணம்?

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணன்.


தைப்பே
3 மார்ச் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு, பீஷியா. இருமல் போய்விட்டது, மழைதான் போகவில்லை. அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

நீங்கள் படிப்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

சொல்லுக்கு வருகிறேன். பரீட்சைக்கு முன்னால் போட்டால், நிறையப் பேர் எழுதிச் சிலர் மட்டும் தேறும் பரீட்சை. மனிதருக்கு முன்னால் போட்டால், யாரிடமும் தோற்கப் பிடிக்காத ஆள். எங்கள் மாடிவீட்டு அம்மாள் துணி உலர்த்துவதில்கூட என்னை முந்தப் பார்ப்பாள், அந்த மாதிரி. விலைக்கு முன்னால் போட்டால், மற்றவர்கள் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தாலும் கூச்சப்பட வேண்டாத விலை. ஊரிலேயே குறைந்த விலை என்று அர்த்தமில்லை. நம் ஆட்கள் இங்கேதான் தவறுகிறார்கள். அதை விட்டுவிட்டு 'சீப்' என்று எழுதுகிறார்கள். படிக்கிறவன் பொருளே குப்பை என்று நினைத்துக்கொள்வான். சீனத்தில் ஐந்து எழுத்து செலவழித்துச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

முன்னால் 'மிக மிக' எல்லாம் சேர்க்காதீர்கள். தனியாகவே நிற்கும். ஒரு வாக்கியம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே எழுதிப் பாருங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பீஷியா.


சாங்ஹுவா
20 மார்ச் 1976

பீஷியாவுக்கு. எல்லோரும் சுகம். அண்ணியின் முட்டி மழைக்கு முந்தின நாள் மட்டும் வலிக்கிறது. வானொலியைவிட அது நம்பகமானது.

உன் வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். 'எங்கள் விலை காம்பெட்டிட்டிவ் ஆனது.' எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. சந்தையில் சட்டையில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. நம் அப்பா எந்தக் கடிதத்திலாவது தன் சரக்கைத் தானே மெச்சினாரா? முன்பின் தெரியாத பெரிய மனிதருக்கு எழுதுகிறோம், மரியாதை வேண்டாமா? ஆகவே அடுத்த வரியிலேயே முறைப்படி சேர்த்துவிட்டேன்: 'எங்கள் பட்டறை சிறியது, குடைகள் மட்டமானவை, வேலைப்பாடு முரடானது, தங்கள் கண்ணுக்குத் தகுதியற்றவை, மன்னித்து ஏற்கவும்.' அகராதியைப் பார்த்து மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். இப்போதுதான் கடிதம் கடிதமாக இருக்கிறது.

யாருக்கு என்று கேட்பாய். போன மாதம் ஓட்டைப் பெட்டி ஒன்றை ஹுவாங் திருப்பி அனுப்பினார். உள்மடிப்பில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மான்செஸ்டர் நகரம், ஹார்க்கர் என்பவர். உள்ளே இருந்தது என் குடைதான், கைப்பிடியைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்குப் பிறகு என் குடை எங்கே விரிகிறது என்று தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாடுகூட இரண்டு கவளம் அதிகம் இறங்கியது.

கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பிழை திருத்தி அனுப்பு. ஏப்ரலில் கல்லறைத் திருநாளுக்கு வருவாயல்லவா? அப்பாவின் கல்லறையில் புல் இடுப்பளவு நிற்கிறது.

அண்ணன்.


தைப்பே
11 ஏப்ரல் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு. நலமா? கல்லறைத் திருநாளுக்கு வராததற்கு மன்னியுங்கள். ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். உங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

ஹார்க்கர் எங்கள் வாடிக்கையாளர். எங்கள் கம்பெனி பொம்மையும் கூடையும் மட்டும் அனுப்பவில்லை, குடையும் அனுப்புகிறது. வாடிக்கையாளர் பெயரை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்பது இங்கே முதல் நாள் பாடம், அதனால் சொன்னதில்லை. நான்கு வருடமாக அவருக்குக் கடிதம் எழுதுகிறவள் நான்தான். ஹுவாங்கிடமிருந்து வரும் குடைகளைக் கம்பி உறுதி, தையல் நேர்த்தி என்று புகழ்ந்து புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ஹுவாங் எத்தனையோ பட்டறைகளில் வாங்குகிறார், அவை உங்களுடையவை என்று எனக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தை நான் தொட முடியாது. முதலாளி லூ என்னை நம்பி வெளிநாட்டுக் கடிதங்களை முழுக்க ஒப்படைத்திருக்கிறார். முப்பத்தொரு வயது, கல்யாணமில்லை, எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். என் சொந்த அண்ணனே வாடிக்கையாளரைப் பறிக்கிறார், அதற்கு நானே கை கொடுத்தேன் என்று தெரிந்தால் இந்தத் தெருவில் எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடாது.

ஒரு திருத்தமும் செய்யாமல் திருப்பி அனுப்புகிறேன். அனுப்பாமல் இருந்துவிடுங்கள், அண்ணா. ஹார்க்கர் தவிர வேறு யாருக்கு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

பீஷியா.


சாங்ஹுவா
15 ஏப்ரல் 1976

பீஷியாவுக்கு. சுகம்.

கடிதம் வந்தது. உன் சோறு அங்கே இருக்கிறது, சாப்பிடு. இனி எதுவும் கேட்கமாட்டேன். என் கடிதத்தை நான் என்ன செய்கிறேன் என்பது என் பாடு.

அண்ணி உப்பு முள்ளங்கி அனுப்பியிருக்கிறாள். நான் அனுப்பச் சொல்லவில்லை.

தியென்ஷெங்.


தைப்பே
2 ஜூன் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு. எல்லோரும் நலமா? இன்று படகுத் திருநாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். அண்ணி கட்டுகிற மாதிரி இல்லை, உள்ளே ஒரே ஒரு கடலை.

ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. ஒரு அஞ்சலட்டை போதும். முட்டி வலிக்கிறது என்று மட்டும் எழுதினால்கூடப் போதும்.

பீஷியா.


தைப்பே
1 ஜூலை 1976

அன்புள்ள அண்ணாவுக்கு. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் வராவிட்டாலும் இதை எழுதியாக வேண்டும்.

உங்கள் கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ஹார்க்கர் அதை அப்படியே முதலாளிக்குத் திருப்பி அனுப்பி ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார்: 'இந்த மனிதர் தன் குடைகள் மட்டமானவை என்று தானே எழுதுகிறார். இவ்வளவு நேர்மையான வியாபாரியை நான் கண்டதில்லை. மட்டமான பொருளை எனக்கு ஏன் விற்கப் பார்க்கிறார் என்பதுதான் புரியவில்லை. உங்களுக்கு இவரைத் தெரியுமா?'

கீழே நம் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு முதலாளி லூ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "உன் பேர்க்காரன் போலிருக்கே, குவோ. சாங்ஹுவால தடுக்கி விழுந்தா குவோ மேலதான் விழணும்" என்றார். நீங்கள் என் அண்ணன் என்று நான் சொல்லவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஹார்க்கருக்குப் பதில் எழுத நான்கு வரி சொன்னார். ஆளைத் தெரியும், அவரே எழுதியிருப்பது போலச் சரக்கு மட்டம்தான், எங்களிடமே வாங்குவது நல்லது. தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போட்டார். இன்று விமானத் தபாலில் போய்விட்டது.

அண்ணா, இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடைகள் மட்டம் என்ற உங்கள் வரிகளை ஏப்ரலிலேயே பார்த்தேன். வெளிநாட்டார் நம் பணிவைப் பணிவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள், எழுதியதை அப்படியே நம்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கடிதத்தை நீங்கள் அனுப்பத்தான் போகிறீர்கள் என்பதும் தெரியும். ஒரு கோடு போட்டு அடித்திருக்கலாம். என் வேலை தப்பிக்கும் என்று பேசாமல் மடித்து அனுப்பினேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது. உங்கள் குடைகள் மட்டமானவை அல்ல.

பீஷியா.


சாங்ஹுவா
10 ஜூலை 1976

பீஷியாவுக்கு. வீட்டில் சுகம்.

முதலாளி சொன்னதைத் தட்டச்சு செய்தாய், அது உன் வேலை. அதற்குக் கோபமில்லை. ஏப்ரலில் ஒரு கோடு போடாமல் விட்டதற்குத்தான் கோபம். பேசாமல் மடித்து வைத்தது எந்தக் கை? நீ குழந்தையாக இருந்தபோது அந்தக் கையைப் பிடித்து எழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

பின்தெரு சென் தையல் இயந்திரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். நிலா விழா முடிந்ததும் எடுத்துக்கொள்வார். பெண்களிடம் சொல்லிவிட்டேன். மூத்தவள், "அண்ணே, பெயிண்ட் கடைல எங்களுக்கும் எடம் இருக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

நிலா விழாவுக்கு வர வேண்டாம்.

தியென்ஷெங்.


தைப்பே
20 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு. நலமா? இங்கே வெயில் தாங்க முடியவில்லை.

முகவரி மாறியிருக்கிறது, உறை மேல் பாருங்கள். அறை சின்னது, ஆனால் சன்னல் உண்டு. வேலையும் மாறிவிட்டது. டியூஷன் பள்ளி ஒன்றில் கடைக்காரர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வியாபார இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு அரிசிக் கடைக்காரர் தன்னைத்தானே 'ஐ ஆம் வெரி காம்பெட்டிட்டிவ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அவர் மனைவியும் அதே வகுப்பில் இருக்கிறார். "இவரா? நான் எழுப்பலன்னா கடையே தொறக்கமாட்டாரு" என்றார். வகுப்பே சிரித்தது.

இயந்திரங்களை விற்றுவிட்டீர்களா?

பீஷியா.


சாங்ஹுவா
27 ஆகஸ்ட் 1976

பீஷியாவுக்கு. சுகம்.

மான்செஸ்டரிலிருந்து ஹார்க்கர் எழுதியிருக்கிறார். இரண்டு பக்கம். எண்கள் புரிகின்றன, இருநூறு டஜன் என்று இருக்கிறது. அது வாங்கவா, வேண்டாம் என்று சொல்லவா என்று தெரியவில்லை. இந்த ஊரில் இங்கிலீஷ் கடிதம் படிக்கத் தெரிந்த வேறு ஆள் எனக்கு இல்லை. ஆகவே அனுப்புகிறேன்.

ஒரு வரி விடாமல் எழுதி அனுப்பு. சென்னுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

தியென்ஷெங்.


தைப்பே
30 ஆகஸ்ட் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு. நலமா? உடனே எழுதுகிறேன், உடனே படியுங்கள். வாங்கத்தான்!

தம் கிடங்கிலிருந்த குடைகளை ஹார்க்கர் எடுத்துப் பார்த்தாராம். நான்கு வருடமாக ஒரு கம்பி வளைந்து திரும்பி வந்ததில்லையாம். உங்கள் விலை தமக்குச் சம்மதம். முதல் தவணை இருநூறு டஜன், கறுப்புத் துணி, வளைந்த கைப்பிடி. நவம்பர் முடிவதற்குள் கப்பலேற வேண்டும். ஒப்புதல் கடிதம் கேட்கிறார்.

அவ்வளவுதான். ஒப்புதலுக்கான மாதிரி தனித்தாளில் இருக்கிறது. சென்னிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒன்பது பேருக்கும் என் வணக்கம்.

பீஷியா.


சாங்ஹுவா
9 செப்டம்பர் 1976

பீஷியாவுக்கு அண்ணன். எல்லோரும் சுகம். நேற்று நிலா விழா. பட்டறையிலேயே கொண்டாடினோம். சென்னுக்குப் பதில் சொல்லியாயிற்று. கறுப்புத் துணி வந்திறங்கிவிட்டது.

உனக்கு அனுப்புவதற்கு முன்னால் ஹார்க்கர் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் நகலெடுத்து வைத்தேன். உன் மேல் நம்பிக்கையில்லாமல்தான் எடுத்தேன், அதை மறைப்பானேன். உன் பதிலை அதன் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்திக்கு உன் தாளில் ஜோடி இல்லை. எனக்குக் கெடுதலான எதையோ மறைக்கிறாய் என்று நினைத்தேன். அகராதியோடு ஐந்து நாள் மல்லுக்கட்டினேன். நான் புரிந்துகொண்டது இது:

'தைப்பே கம்பெனியின் கடிதத்தோடு அதே உறையில், செல்வி குவோ என்பவர் கையெழுத்திட்ட குறிப்பு ஒன்றும் இருந்தது. தம் பொருளைத் தாமே மட்டம் என்பது உங்கள் நாட்டு மரியாதை என்று அவர் எழுதியிருந்தார். நான் இதுவரை வாங்கிய குடைகள் உங்கள் பட்டறையுடையவை என்றும், தம் கம்பெனியின் கடிதத்தை நம்ப வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். நன்றி சொல்லக் கம்பெனிக்கு எழுதினேன். அவர் இப்போது அங்கே இல்லை என்கிறார்கள். உங்கள் குடும்பப் பெயர்தான் அவருக்கும். உங்களுக்கு அவரைத் தெரியுமா?'

தபால் நிலையத்துக்குப் போய் உன் பழைய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். உன் பெயரைச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வெளிய போற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் ஃபைல்ல இருக்கணும்னு இங்க வழக்கம் சார். குவோ அக்கா தன் குறிப்போட நகலையும் அதுல சேர்த்து வச்சிட்டாங்க. முதலாளி பாத்துட்டாரு. வைக்காம விட்டிருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது" என்றாள். பின்னால் காத்திருந்தவர் திட்டிய பிறகுதான் கருவியை வைத்தேன்.

அண்ணியிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜூலைல வராதேன்னு எழுதுனீங்களே, அந்தக் கைய என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். நான் எழுதியது தப்பு, பீஷியா. இரண்டு மாதம் நீ அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறாய்.

ஹார்க்கருக்கு ஒப்புதல் அனுப்பிவிட்டேன். மேல்பாதி உன் மாதிரிப்படி. கீழே அவர் கேள்விக்கு நானே பதில் எழுதினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா உன்னை எங்கள் மக்குப் பெண் என்றுதான் சொல்வார். அவருக்குப் பிறகு நானும் அப்படியேதான் சொல்லி வந்தேன். முறைப்படி இந்தக் கடிதத்திலும் 'அவள் படிப்பு குறைந்த என் மக்குத் தங்கை' என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியதை அப்படியே நம்புகிற மனிதர் ஹார்க்கர். அதனால் உண்மையை எழுதினேன்:

'தெரியும். அவள் என் தங்கை. அவளைவிட நல்லவளை, அவளைவிட நன்றாகக் கடிதம் எழுதுகிறவளை நான் பார்த்ததில்லை. இனி எங்கள் பட்டறையின் கடிதங்களை அவள்தான் எழுதுவாள், அவள் சம்மதித்தால்.'

இங்கிலீஷில் பிழை இருக்கும். உன்னிடம் திருத்தக் கொடுத்தால் அந்த வரிகளை நீ அடித்துவிடுவாய். அதனால் காட்டாமலே தபாலில் போட்டுவிட்டேன்.

அண்ணன்
தியென்ஷெங்